காண்டெஸாவின் அறுபத்து மூன்று பாகங்கள்

நவம்பர் 3, ஞாயிறு

பதினோரு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றையும் நிரப்பினேன். மதியம் சாப்பிடும்போது நாச்சிமுத்து, "வண்டியை வித்தரலாம்னு இருக்கறன் அம்மணி" என்றார். அவர் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். சிந்தாமல் ஊற்றி முடித்தேன்.

(கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எனக்கு இல்லை. இந்த நோட்டில் மட்டும் உண்டு.)

வீட்டில் மூன்று வண்டிகள் நின்றாலும் 'வண்டி' என்றால் ஒன்றுதான். என் அப்பா 1991இல் வாங்கிய காண்டெஸா கார். அப்போது தயிர் நிறம். இப்போது கத்தரிக்காய் நிறம். பானட்டின் நடுவில் திமில் மாதிரி ஒரு புடைப்பு. பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட ஒன்றரை மடங்கு அகலம். உள்ளே, கொச்சிக்குக் கப்பலில் வந்து உடைபட்ட ஏதோ அமெரிக்க வண்டியின் எட்டு சிலிண்டர் எஞ்சின். ஸ்டார்ட் செய்தால் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்கும். நாச்சிமுத்து பம்ப் செட்டுகளுக்கு வார்ப்படம் செய்யும் ஃபவுண்டரி வைத்திருக்கிறார். இரும்பு அவர் பேச்சைக் கேட்கும். பதினோரு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அந்த வண்டியில் போட்டிருக்கிறார். இப்படி மாற்றிக் கட்டியதற்கு மசில் கார் என்று பெயராம். ஐம்பத்தைந்து வயதில் ஜிம்மில் சேர்ந்த பெரியப்பா மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். சொன்னதில்லை.

"யாருக்கு விக்கறீங்க?" என்றேன்.

"மெட்ராசுல ஏலம். காயலாங்கடை ஏலம்னு நெனச்சுக்காத. கோட்டு சூட்டு போட்டுட்டு வந்து உக்காந்து கையத் தூக்குவாங்க. ராஜா வீட்டுக் காரு, பழைய காருன்னு விக்கறதுக்குன்னே ஒரு கம்பெனி. ஹார்பர் அண்ட் ஹேல்னு பேரு."

"இப்ப என்ன அவசரம்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கார் கிளப்புல கல்யாண மண்டப வண்டிங்கறானுங்க. சீரியல் பல்பு ஒண்ணுதான் கொறச்சலாம். வேலை தெரிஞ்சவன் ஒருத்தன் பாத்துட்டு, இது வேலைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்பறம் யாரு வேணா ஓட்டீட்டுப் போவட்டும்."

எண்பது லட்சம் போகும் என்று மயில்சாமி சொல்கிறாராம். மயில்சாமிதான் அதற்குப் பெயின்ட் அடித்தவர்.

எனக்கு ஆட்சேபம் இல்லை. உண்டா என்று யாரும் கேட்கவும் இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

பல்கலைக்கழக நூலகத்தில் வருடாந்திரக் கணக்கெடுப்பு தொடங்கியது. 'நிலக்கடலை சாகுபடி' இரண்டு பிரதிகள் காணவில்லை. இருபத்து மூன்று வருடமாக நூலகராக இருக்கிறேன். நிலக்கடலையை யார் திருடுகிறார்கள் என்று இன்னும் பிடிபடவில்லை.

நவம்பர் 9, சனி

ராம்நகரில் அப்பா வீட்டுக்குப் போய் வாசல் கூட்டி, மின்கட்டண அட்டையை எடுத்து வந்தேன். கேரேஜில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அடுத்த முறை கிரீஸும் வாங்க வேண்டும்.

ஏலக் கம்பெனிப் படிவத்தில் 'வாகனத்தின் வரலாறு' என்று அரைப்பக்கம் காலியாக இருக்கிறது. "நீ படிச்ச பொம்பளை, நீயே எழுது" என்று என்னிடம் தந்தார். எழுதினேன்:

"1991இல் ஒரு பஞ்சாலை மேலாளர் வாங்கினார். இருபத்தொரு வருடம் ஓட்டினார். ஒருமுறைகூட அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. 2012இல் காலமானார். வண்டி மகளுக்கு வந்தது. மருமகன் தன் பெயருக்கு மாற்றி, 2013 முதல் மாற்றியமைத்து வருகிறார்."

படித்துப் பார்த்தார். "கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்குதே" என்றார். ஆனாலும் அதையே அனுப்பினார்.

நவம்பர் 16, சனி

கம்பெனியிலிருந்து நிபுணர் வந்தார். ஃபெலிக்ஸ் ரத்னம் என்று பெயர். சாக்ஸ் போடாமல் தோல் ஷூ. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். நாச்சிமுத்து, புதுமாப்பிள்ளையின் அப்பா மாதிரி இரண்டடி பின்னால் நடந்தார். மயில்சாமி இஸ்திரி போட்ட சட்டையில் தூணோரம் நின்றார்.

"சார், வேலை சூப்பர்" என்றார் ஃபெலிக்ஸ்.

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது.

"ஆனா வேலைதான் பிரச்சினை."

"என்னங் தம்பி சொல்றீங்க?"

"கலெக்டர்ஸ் வேற மாதிரி சார். கம்பெனில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே வேணும். ஸ்க்ரூ மாறியிருந்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. நீங்க காரையே மாத்திட்டீங்க. கஸ்டம் காருக்குப் பெரிய பேரு உள்ள பில்டர் கை பட்டிருக்கணும். இல்லைன்னா ஏதாவது நடிகர் உக்காந்திருக்கணும். யாராவது உக்காந்திருக்காங்களா?"

மயில்சாமி யோசித்தார். "போன வருசம் மாரியம்மன் கோயில் பண்டிகைக்கு ஆர்க்கெஸ்ட்ராக்காரர் ஒருத்தரு ஏறுனாருங்க. எஸ்பிபி வாய்ஸ்ல பாடுவாருங்க."

ஃபெலிக்ஸ் அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசியில் ஹாரனை அமுக்கிப் பார்த்தார். பீப். அத்தனை பெரிய வண்டிக்குள்ளிருந்து அவ்வளவு சின்னச் சத்தம். மறுபடி அமுக்கினார். பீப்.

"இது மட்டும் ஏன் சார் பழசு?"

"வயரிங் சிக்கலுங்க" என்றார் நாச்சிமுத்து.

வண்டியின் வயரிங் முழுவதையும் மூன்று முறை பிரித்துத் தன் கையாலேயே போட்டவர் அவர். எனக்கு என்ன தெரியும், காப்பி கொண்டுவர உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது ஃபெலிக்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். "கழட்டின ஒரிஜினல் பார்ட்ஸ் ஏதாவது இருக்கா? குறிப்பா அந்த எஞ்சின்? ஆர்.சி. புக்ல இருக்கற அதே நம்பர் எஞ்சின்?"

"அதெல்லாம் அப்பவே பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்க. இந்த மயில்சாமிதான் கொண்டுபோய்ப் போட்டான்."

மயில்சாமி என்னைப் பார்த்தார். பதினோரு வருடம் ஒரு மனிதர் வாய் திறக்காமல் இருந்தது பெரிய விஷயம். இன்னும் அவரைச் சோதிப்பது நியாயமில்லை.

"ராம்நகர்ல இருக்குது" என்றேன்.

"எது?" என்றார் நாச்சிமுத்து.

"எல்லாமேதான்."

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை அப்படியே குறித்து வைக்கிறேன்.

நால்வரும் ராம்நகர் போனோம். கேரேஜைத் திறந்தேன். அப்பா அந்த வண்டியை நிறுத்திய அதே இடத்தில் எஞ்சின், மரச்சட்டத்தின் மேல். சுவரோரம் நூலகத்தில் கழித்துப் போட்ட இரும்பு அலமாரிகள். அதில் பம்பர், கிரில், முன்சீட்டு, கதவுக் கைப்பிடி, கடிகாரம், சக்கரங்கள், வீல் கப். ஒவ்வொன்றிலும் நூலகப் புத்தகத்துக்குப் போடுவது போல வரிசை எண், நூல் கட்டிய அட்டையில். பெரிய சாமான்களுக்குப் பழைய பருத்திச் சேலை போர்த்தியிருந்தேன். மாதம் இருமுறை எண்ணெய் போடுவதால் துரு இல்லை. மயில்சாமிக்குப் பழைய இரும்பு விலையைக் கொடுத்துவிடுவேன். அவர் ஆட்டோவில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கிவிடுவார். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒரு பொருள் ஓர் இடத்திலிருந்து நீக்கப்பட்டால் அதற்குப் பதிவு வேண்டும். தொழில் பழக்கம்.

ஃபெலிக்ஸ் கையுறையைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எஞ்சினைத்தான்.

பிறகு பதிவேட்டைக் கேட்டார். நீளநோட்டு, ஆறு பத்தி: எண், தேதி, பொருள், நிலை, வைத்த இடம், அனுமதி. சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு. 2013 ஜூன் 9. முன்பக்க பம்பர். நிலை நன்று. அலமாரி அ. அனுமதி, இல்லை. ரெண்டு. ஜூன் 16. கிரில். நன்று. அனுமதி, இல்லை. மூணு..." பக்கத்தைப் புரட்டினார். இன்னும் புரட்டினார். "மேடம், மொத்தம் அறுபத்து மூணு. எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னே இருக்கே. இந்த அனுமதிங்கறது என்ன?"

"நூலகத்துல ஒரு புத்தகத்தைக் கழிக்கறப்ப யாரு அனுமதி குடுத்தாங்கன்னு எழுதுவோம். அதே படிவம்தான்" என்றேன்.

"யாரோட அனுமதி?"

கேரேஜில் ஒரு பல்லி கத்தியது. மயில்சாமி வெளியே போய் பீடி பற்றவைத்தார். நாச்சிமுத்து ஃபெலிக்ஸின் கையிலிருந்து நோட்டை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தார். அவர் அவ்வளவு நேரம் எதையாவது படித்து நான் பார்த்ததில்லை.

"இது தங்கம் சார்" என்றார் ஃபெலிக்ஸ். "இந்தியாவுல எந்தக் காருக்கும் இப்படி ஒரு டாக்குமென்டேஷன் கிடையாது. இதுதான் நம்ம ஸ்டோரி."

நவம்பர் 18, திங்கள்

மாவு புளித்துவிட்டது. தோசைக்குத்தான் ஆகும்.

நவம்பர் 24, ஞாயிறு

ஃபெலிக்ஸ் தொலைபேசியில் சொன்னது: வண்டி ஒரு லாட். பாகங்களும் பதிவேடும் தனி லாட். சேர்த்து விற்றால் வாங்குபவர் குழம்பிவிடுவாராம்.

படிவத்தை நாச்சிமுத்து என் பக்கம் நகர்த்தினார். "சாமான் உன்றது. நீயே கையெழுத்துப் போடு."

நான் போட்டேன். அடியில் பொடி எழுத்தில் இருந்த எல்லா நிபந்தனைகளையும் படித்துவிட்டுத்தான் போட்டேன். ஏலம் முடியும் முன் விலகினால் கட்டணம் என்பது ஒன்பதாவது நிபந்தனை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் வண்டிக்குப் போகவில்லை. தொலைக்காட்சியில் கபடி பார்த்தார். விளம்பரம் வந்தபோது, "அந்தக் கடியாரத்தைக் கழட்டறப்பக்கூடவா நான் உன்னையக் கேக்கல?" என்றார்.

"இருபத்தேழாவது வரி" என்றேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஏலப் பட்டியலுக்கான வாசகம் சரிபார்க்க வந்தது. என் கருமாதிப் பத்திரிகையைக் காணோம். அதற்குப் பதில்: "தென்னிந்தியாவின் தொழில் நகரம் ஒன்றின் தீராக் கனவு. நேர்மையான பஞ்சாலைப் பிரபுவின் மடியில் வளர்ந்து, கலகக்கார மருமகனின் உலையில் மறுபிறவி எடுத்த ஊதாப் புயல். புகழ்பெற்ற பாடகர் ஒருவர் இதில் பயணித்ததாகச் சொல்லப்படுகிறது."

அப்பா பிரபு அல்ல. மாதச் சம்பளக்காரர். வண்டிக் கடன் அடைத்து முடித்த அன்று எங்களுக்கு அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி வாங்கித் தந்தார். திருத்தம் எழுதி அனுப்பினேன். பாடகரின் பெயர் கேட்டு ஒரு கேள்வியும் போட்டேன்.

பதில்: "மேடம், 'சொல்லப்படுகிறது' போதும்."

டிசம்பர் 8, ஞாயிறு

ஃபெலிக்ஸ் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறார். வெளிநாட்டு ஹாரன், ஜோடி. லாரி மாதிரி அலறுமாம். "கேரக்டருக்கு செட் ஆகும். ஏலத்துக்கு முன்னால மாத்திடுங்க."

நாச்சிமுத்து பார்சலைப் பிரிக்கவே இல்லை. "வேண்டாம்னு சொல்லீரு" என்றார்.

"ஏனுங், அவருதான் வேணும்கறாரே. உங்களுக்கு அரை மணி நேர வேலைதானே?"

"அது கெடக்கட்டும் உடு."

வண்டியின் பழைய ஹாரனைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. திருச்சியில் நான் எம்.ஏ. படித்தபோது விடுமுறைக்கு அழைத்துப் போக அப்பா வருவார். விடுதி வாசலில் ஒரே முறை அடிப்பார். எனக்குக் கேட்கவில்லை என்றாலும் மறுமுறை அடிக்க மாட்டார். அரை மணி நேரம் வெயிலில் நிற்பார். "உங்கப்பா ஹாரன் மன்னிப்புக் கேக்கற மாதிரியே இருக்குடீ" என்று அறைத்தோழி சொல்வாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் இதை நாச்சிமுத்துவிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தார், காதில் விழுந்திருக்காது.

பல் வைத்தியர் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

டிசம்பர் 19, வியாழன்

லாரி வந்தது. மயில்சாமி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பானட்டில் சந்தனம் குங்குமம் இட்டு, பூசணிக்காய் உடைத்தார். ஃபெலிக்ஸ் அனுப்பிய ஆள் பதறிப்போனார். "பெயின்ட்ல பொட்டு வைக்காதீங்க! கண்டிஷன் ரிப்போர்ட் எழுதியாச்சு!" என்று கத்தினார்.

"சாமி பொட்டுங்க. அதையும் ரிப்போர்ட்டுல சேத்திக்கங்க" என்றார் மயில்சாமி.

இன்னொரு லாரியில் ராம்நகர் சாமான். சேலைகளோடு ஏற்றினார்கள். கேரேஜைப் பூட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் பூட்டினேன்.

டிசம்பர் 20, வெள்ளி. சென்னை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நட்சத்திர ஹோட்டல். புல்வெளியில் வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் கயிறு கட்டி. இன்று பார்வையிடும் நாள்.

எல்லோரும் மொய்த்தது ஒரு சாம்பல் நிற வண்டியை. செட்டிநாட்டு வீடு ஒன்றில் நாற்பது வருடம் கிடந்ததாம். டயர் இல்லை. சீட்டில் எலிக்கூடு. கூட்டையும் விட்டுவைத்திருந்தார்கள். 'தீண்டப்படாத நிலை' என்று பலகை. உரிமையாளர் பட்டு ஜிப்பாவில் நின்று, "நான் கிட்டக்கூடப் போனதில்லை" என்று வருவோர் போவோரிடம் பெருமையாகச் சொன்னார். அவருக்குக் கைகுலுக்கல் நிற்கவே இல்லை.

நம் ஊதாப் புயலிடம் வந்தவர்கள் இரண்டு வகை. கையில் ஏல அட்டை வைத்திருந்தவர்கள் தலையைச் சாய்த்து, "இன்ட்ரஸ்டிங்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். எனக்குத் தெரிந்து, சாப்பிட முடியாத பலகாரத்துக்கும் அதையேதான் சொல்வார்கள். இரண்டாம் வகை ஹோட்டல் சமையற்காரர்கள், டிரைவர்கள், பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். அவர்கள் கூட்டம் கலையவே இல்லை.

அதில் ஒருவர், யாரோ பெரிய சேகரிப்பாளரின் மெக்கானிக், ராயபுரத்துக்காரர், கபூர் பாய். சட்டையைக் கழற்றிப் புல்லில் விரித்து வண்டிக்கு அடியில் போனவர் இருபது நிமிடம் வெளியே வரவில்லை. வந்ததும், "இந்த சேஸிஸ் வெல்டிங் யாரு சார் பண்ணது?" என்றார்.

"நான்தாங்க."

"கையா சார் அது! முப்பத்தஞ்சு வருஷமா வண்டிங்கோ கீழதான் பட்த்துனுகீறேன். இப்டி ஒரு ஜாயின்ட் பாத்ததில்ல. இங்க இருக்குற கோட்டுங்களுக்கு இன்னா சார் தெரியும்? அடில குனிஞ்சா பேன்ட் கிழிஞ்சிடும்."

நாச்சிமுத்து அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். சிரித்தார். பிறகு என்னிடம் வந்து, "அவருகிட்ட அட்டை இல்லையே அம்மணி" என்றார்.

டிசம்பர் 21, சனி. சென்னை

ஏலம் மாலை நான்குக்கு. குளிர்சாதனம் எலும்பைக் குடைந்தது. எங்களுக்கு ஒன்பதாவது வரிசை. கிளப்பிலிருந்து ஆறு பேர் வந்து பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நாச்சிமுத்து வரச் சொல்லவில்லை என்கிறார், மயில்சாமி சொல்லியிருக்கிறார்.

எலிக்கூட்டு வண்டி கோடியைத் தாண்டியது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

"ஒண்ணுமே பண்ணாததுக்கா கைதட்டறானுங்க?" என்றார் நாச்சிமுத்து.

பம்பாயில் பெயர் பெற்ற ஒருவர் மாற்றியமைத்த தங்கநிற வண்டியும் நல்ல விலைக்குப் போனது. அதில் ஒரு நடிகரின் மைத்துனர் உட்கார்ந்திருந்தார், புகைப்படம் இருந்தது.

நாற்பத்தொன்றாவது லாட், எங்களுடையது. வண்டியை மேடையில் ஏற்றும் இளைஞர் எஞ்சினை உறும விட்டார். அரங்கம் அதிர்ந்தது. ஒரு கணம் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு பரிசாரகர் தட்டோடு குறுக்கே வந்துவிட, மேடைக்காரர் ஹாரனை அமுக்கினார்.

பீப்.

இருநூறு பேர் சிரித்தார்கள். நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பழக்கம்.

ஐந்து லட்சத்தில் தொடங்கியது. ஏழு. எட்டு. ஒன்பது. ஒன்பதிலேயே நின்றது. ஏலம் கூறுகிறவர் கெஞ்சினார், மிரட்டினார், ஊதாப் புயல் என்றார், புகழ்பெற்ற பாடகர் என்றார். முன்வரிசையில் ஒருவர் கூரை விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். குறைந்தபட்ச விலையாக நாங்கள் கேட்டிருந்தது பதினெட்டு. சுத்தியல் தட்டி, "அடுத்தது" என்றார். விற்காத வண்டியை விளக்கை அணைத்துவிட்டு வெளியே ஓட்டிப் போனார்கள். பின்வரிசையில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் செல்பேசியைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து முழங்கால் மேல் இரண்டு கைகளையும் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார்.

நாற்பத்திரண்டு, பாகங்கள். திரையில் எஞ்சினின் படம் வந்தது. பிறகு பதிவேட்டின் பக்கம். என் கையெழுத்து இருபதடி உயரத்தில். ஏலம் கூறுகிறவர் அதை நாடகம் போலப் படித்தார். "பம்பர், அனுமதி இல்லை! கிரில், அனுமதி இல்லை! லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், பதினோரு வருஷம் ஒரு மனைவி கண் விழித்துக் காத்த புதையல்!" ஒவ்வொரு 'இல்லை'க்கும் அரங்கம் சிரித்தது. அன்பான சிரிப்புதான். காசு உள்ளவர்கள் அன்பாகச் சிரிப்பார்கள்.

நான் கண் விழித்துக் காக்கவில்லை. சனிக்கிழமை காலைகளில் போனேன். அவ்வளவுதான். அந்த நோட்டு யாரும் படிப்பதற்காக எழுதியது அல்ல. அல்லது ஒரே ஒருவர் படிப்பதற்காக எழுதியது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து அதை இருநூறு பேரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு லட்சத்தில் தொடங்கி, முன்வரிசை வெள்ளைச் சட்டைக்கும் தூணோரம் இருந்த சிவப்புக் கண்ணாடிக்கும் போட்டி. ஐந்து. ஏழு. ஒன்பதைத் தாண்டியது. பின்னாலிருந்து யாரோ, "மாப்ள, வண்டியவிட நட்டு போல்ட்டு ஜாஸ்தி போவுதுடோய்" என்றார்கள். பன்னிரண்டரை. ஒரு தரம், இரண்டு தரம்.

நாச்சிமுத்து எழுந்து நின்றார்.

"ஒரு நிமிசம் நிறுத்துங்க."

ஏலம் கூறுகிறவர் புன்னகைத்தார். "சார், இந்த லாட்டோட உரிமையாளர் நீங்க இல்லை. வசுமதி நாச்சிமுத்துன்னு இருக்கு. நீங்க நிறுத்த முடியாது."

"தெரியுமுங்க. அதுக்குத்தான் எந்திரிச்சேன்." என் பக்கம் திரும்பினார். வேர்த்திருந்தது, அந்தக் குளிரிலும். "அம்மணி. இதைக் குடுக்கட்டுமா, வேண்டாமா? உன்னையத்தான் கேக்கறன்."

பொது இடத்தில் குரல் உயர்த்திப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. ஃபெலிக்ஸ் சுவரோரம் நின்று இரண்டு கைகளாலும் நிறுத்த வேண்டாம், நிறுத்த வேண்டாம் என்று சைகை காட்டினார். மைக்கை யாரோ என் முகத்தருகே கொண்டுவந்தார்கள்.

"இல்லை" என்றேன்.

அறுபத்து மூன்று முறை எழுதியதுதான். சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

ரயிலில் திரும்பினோம். ஒன்பதாவது நிபந்தனையின்படி விலகல் கட்டணம் கட்டியாகிவிட்டது. ஏன் எழுந்தார் என்று கேட்கவில்லை. வண்டியைவிட நட்டு போல்ட்டு அதிக விலைக்குப் போகிற அவமானத்தாலும் இருக்கலாம். ஈரோட்டில் இட்லி வாங்கினார். சட்னி நன்றாக இல்லை. நன்றாக இருக்கிறது என்றார்.

காட்பாடி தாண்டியதும், "கபூர் பாய் அந்த வெல்டிங்கைப் பத்திச் சொன்னாரல்ல" என்றார். சேலம் தாண்டியும் ஒரு தடவை சொன்னார்.

டிசம்பர் 29, ஞாயிறு

தண்ணீர் வந்தது. நிரப்பினேன்.

லாரிகள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டன. சாமான்களை ராம்நகரில் பழைய வரிசைப்படியே அடுக்கினேன். ஒன்றும் குறையவில்லை. எஞ்சின் மரச்சட்டத்தை மட்டும் பின்சுவரோடு தள்ளிவைக்கச் சொன்னார், ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் விட்டு. இன்று காலை நாச்சிமுத்துவும் என்னோடு ராம்நகர் வந்தார், வண்டியை ஓட்டிக்கொண்டு. தெருவே வெளியே வந்து பார்த்தது. கேரேஜுக்குள் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றார். முன்பாதி நுழைந்தது. பின்பாதி நுழையவில்லை. அந்த அகலச் சக்கரங்கள் இருபுறமும் நாலு விரற்கடை இடித்தன. இறங்கிவந்து குந்தி உட்கார்ந்து அளவெடுத்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். ஃபவுண்டரிக்காரருக்கு ஒரு சுவரை இடிப்பது பெரிய வேலை இல்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து கையைத் துண்டில் துடைத்தார்.

"அம்மணி, பின்னாடி ரெண்டு மட்டும் பழைய வீலை மாட்டட்டுமா? கலரை நான் மாத்தறதாயில்ல. அதையும் இப்பவே சொல்லீர்றன்."

நான் பதிவேட்டை எடுத்தேன். அறுபத்து மூன்றாவது வரிக்குக் கீழே கோடு போட்டு எழுதினேன். அறுபத்து நான்கு. டிசம்பர் 29. அகலப் பின்சக்கரங்கள், இரண்டு. நிலை நன்று. அலமாரி ஈ. அனுமதி என்ற பத்தியில்: கேட்டார்.

"என்ன எழுதறே?" என்றார்.

"காப்பி குடிச்சுட்டுச் சொல்றனுங்க" என்று உள்ளே போனேன்.

எடுத்து வந்திருந்த பால் பொங்கும்போது வாசலில் ஹாரன் கேட்டது. ஒரே ஒரு முறை. காப்பியை முழுவதும் குடித்துவிட்டு வெளியே போனேன். வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.